மகளின் சாஃப்ட்பால் ஸ்விங்கைச் சரிசெய்ய எது உதவும்: டீயா, டாஸா, தனிக் கோச்சா, மெஷினா?

பிப்ரவரி பிறந்ததும் அமெரிக்காவில் டல்லாஸ், ஹூஸ்டன், ராலே, ஃப்ரீமாண்ட் என்று நம் பிள்ளைகள் பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் ஆடும் ஊர்களில் எல்லாம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் சுற்றுகிறது. "பொண்ணுக்குப் பத்து வயசு, ஆசையாத்தான் ஆடுறா, ஆனா பேட்டைத் தூக்கினா பந்து படவே மாட்டேங்குது. தனியா கோச் வைக்கலாமா, இல்ல வீட்லயே பந்தை மேலே வச்சு அடிக்கிற டீ ஸ்டாண்ட் வாங்கிப் போட்டுப் பழக்கலாமா?" பதில் சொல்ல வரும் ஐந்து பேரும் ஐந்து வழி சொல்வார்கள். ஒருவர் மெஷின் பந்து எறியும் வலைக்கூண்டான பேட்டிங் கேஜுக்குக் கூட்டிப் போகச் சொல்வார், இன்னொருவர் பேட்டின் அடியில் மாட்டும் சென்சாருக்கு லிங்க் அனுப்புவார், கேட்டவர் முன்பைவிடக் குழம்பிப்போய் எதையாவது ஒன்றை வாங்கிவிடுவார்.

லீக்கில் உதவிக் கோச்சாக நிற்பதால் என்னிடமும் இதைக் கேட்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழி நல்லது என்பது உங்கள் பெண்ணுக்கு எது தவறுகிறது என்பதைப் பொறுத்தது. ஸ்விங்கின் வடிவம் கெட்டிருக்கிறதா, இல்லை நேரம் தப்புகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. பணமும் சனிக்கிழமைகளும் வீணாவது பெரும்பாலும் இதைப் பிரித்துப் பார்க்காததால்தான். கீழே சொல்வதெல்லாம் 8 முதல் 12 வயது வரை ஃபாஸ்ட்பிட்ச் (பந்தைக் கீழ்க்கையால் வேகமாக எறியும் சாஃப்ட்பால்) ஆடும் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்வது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: இந்த வழி வடிவத்தைத் திருத்துமா, நேரத்தைத் திருத்துமா? அடுத்தது, பழகும் இடத்தில் வந்த முன்னேற்றம் ஆட்டத்திலும் வருமா என்பது. மூன்றாவது செலவு, அதில் பெற்றோர் கார் ஓட்டும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: இரண்டு மாதம் கழித்தும் பிள்ளை இதை விரும்பிச் செய்வாளா?

வடிவமா நேரமா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. டீயில் பந்தை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். நின்ற பந்தை நேராக, பலமாக அடிக்கிறாள், ஆட்டத்தில் மட்டும் தவறவிடுகிறாள் என்றால் பிரச்சினை நேரம். நின்ற பந்தையே தரையில் உருட்டுகிறாள், அல்லது மேலே கொக்கிபோல் தூக்குகிறாள், அல்லது டீயின் தண்டில் 'தொப்'பென்று அடிக்கிறாள் என்றால் பிரச்சினை வடிவம்.

அப்புறம் போனை எடுத்து ஸ்லோ மோஷனில் படம் பிடியுங்கள். சாதாரணக் காணொளி விநாடிக்கு 30 படம். ஸ்விங் தொடங்கிப் பந்தைத் தொடும்வரை ஏறக்குறைய 0.2 விநாடிதான், ஆக மொத்தம் ஆறு படம், அதிலும் பேட் மங்கலாகத்தான் தெரியும். இப்போது பல போன்களில் இருக்கும் 240 என்ற அமைப்பில் எடுத்தால் அதே ஸ்விங்குக்கு 48 படம் கிடைக்கும். பிள்ளையின் நெஞ்சு தெரியும் பக்கத்தில் தள்ளி நின்று எடுங்கள். மூன்று இடத்தில் நிறுத்திப் பார்த்தால் போதும்.

முன்கால் குதிகால் தரையில் பதியும்போது கைகள் இன்னும் பின்தோளருகே இருக்கின்றனவா? அப்போதே கைகள் முன்னால் வந்துவிட்டால், இடுப்புத் திருப்பத்தின் பலம் பேட்டுக்குப் போகவே போகாது.

இடுப்பு திறக்கும்போது பின்முழங்கை எங்கே? கைகளை முந்திக்கொண்டு அது தொப்புள் பக்கம் வந்தால் பேட் பின்னால் இழுபடுகிறது என்று பொருள். கோச்சுகள் இதை பேட் டிராக் என்பார்கள். நேர்மாறாக, கைகள் உடலைவிட்டு அகலமாக வெளியே வீசப்பட்டால் அது காஸ்டிங்.

பந்தைத் தொடும் கணத்தில் முன்கால் உறுதியாக நிற்கிறதா, தலை அதற்குப் பின்னால் இருக்கிறதா? தலை முன்காலையும் தாண்டிப் போயிருந்தால் பந்தை நோக்கிப் பாய்கிறாள்.

இதற்கெல்லாம் முன்னால் பேட்டின் எடையைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் சின்னப் பிள்ளைகளிடம் காணும் பேட் டிராக்குக்குப் பல நேரம் கனமான பேட்தான் காரணம். பள்ளிச் சீருடையை அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் பெரிதாக எடுப்பது போல நம்மவர்கள் பேட்டையும் எடுத்துவிடுகிறார்கள். பேட்டில் -11 என்று எழுதியிருந்தால், அங்குலத்தில் அதன் நீளத்திலிருந்து 11 கழித்தால் அவுன்ஸில் எடை. 30 அங்குல பேட் 19 அவுன்ஸ். பிடியின் அடியில் ஒரே கையால் பிடித்துப் பக்கவாட்டில் கையை நீட்டி அரை நிமிடம் தாங்க முடியாமல் தோள் நடுங்கினால் அந்த பேட் இப்போதைக்கு வேண்டாம். இது ஒரு கைக்கணக்குதான், ஆனால் கடையில் நிற்கும்போது உதவும். பத்து வாரக் கோச்சிங் செய்யாததை இரண்டு அவுன்ஸ் குறைவான பேட் செய்துவிடுவதுண்டு.

## வழி 1: வீட்டில் பேட்டிங் டீயும் நெட்டும்

வடிவத்தைத் திருத்த இதைவிட மலிவான, நேர்மையான கருவி இல்லை. ஓரளவு நல்ல டீயும் மடக்கும் நெட்டும் சேர்த்து 150 முதல் 200 டாலருக்குள் முடிந்துவிடும், கராஜிலோ பின்முற்றத்திலோ வைத்துக்கொள்ளலாம், மழையோ குளிரோ தடையில்லை. பந்து நகராததால் பிள்ளையின் கவனம் முழுவதும் உடலின் மேல் இருக்கும்.

ஆனால் பெரும்பாலோர் டீயைத் தவறான இடத்தில் வைக்கிறார்கள். பிள்ளையின் வயிற்றுக்கு நேராக வைத்தால் அவள் பந்தை அடிக்க முழங்கையை மடக்கி, உடலைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கம் ஆட்டத்துக்கும் வந்துவிடும். நடுவில் வரும் பந்தைத் தொடவேண்டிய இடம் முன்பாதத்துக்கு நேராக அல்லது அதற்குச் சற்று முன்னால். உடலை ஒட்டி வரும் பந்துக்கு இன்னும் ஒரு சாண் முன்னால், வெளிப்பக்கம் போகும் பந்துக்குக் கொஞ்சம் பின்னால். தரையில் சாக்பீஸால் ஹோம் பிளேட் (பேட் பிடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஐங்கோணப் பலகை) வரைந்து இந்த மூன்று இடத்தையும் குறித்துவிட்டு, ஒவ்வொரு ஐந்து பந்துக்கும் டீயை மாற்றுங்கள்.

காஸ்டிங் இருக்கிறதா? பழைய பேட் ஒன்றைக் கொடுத்து, வேலிக்கு முன்னால் வயிற்றிலிருந்து ஒரு பேட் நீளம் தள்ளி நிற்கவைத்து, வேலியில் படாமல் சுற்றச் சொல்லுங்கள். கைகள் வெளியே போனால் வேலியே சொல்லிவிடும், நீங்கள் வாய் திறக்கவேண்டாம். பேட் டிராக் என்றால் டீயை நெஞ்சளவு உயர்த்திவிடுங்கள். பேட் பின்னால் தொங்கினால் அந்தப் பந்தைச் சுத்தமாக அடிக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு இதில் இரண்டு. நின்ற பந்து அகலமான, மெதுவான ஸ்விங்கையும் மன்னித்துவிடும், ஆகவே டீயில் மட்டும் பழகிய பிள்ளை ஆட்டத்தில் தாமதமாக வருவாள். இரண்டாவது, "தினமும் நூறு அடி" என்று நம் வீடுகளில் வரும் கண்டிப்பு. அறுபதுக்கு மேல் கை சோர்ந்துவிடும், சோர்ந்த கை அடிப்பதெல்லாம் தவறான ஸ்விங்கைத்தான் உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். ஐந்தைந்தாக, இடையில் மூச்சு வாங்கவிட்டு, முப்பது நல்ல அடி போதும்.

## வழி 2: அப்பாவோ அம்மாவோ எறியும் ஃபிரண்ட் டாஸ்

பணம் குறைவு, பலன் நிறைய. ஆனால் பெற்றோர் உடன் நின்றாக வேண்டும். என்னிடம் கேட்டால், 10 முதல் 12 வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் பந்தை எறியும் பிட்சர் நிற்பது 40 அடியில். மணிக்கு 45 மைல் வேகம் என்றால் விநாடிக்கு 66 அடி. பிட்சர் ஓரெட்டு முன்னால் வந்துதான் பந்தை விடுவாள், ஆகவே பேட்டருக்குக் கிடைப்பது அரை விநாடியும் கொஞ்சமும். அதில் ஸ்விங்குக்கே 0.2 போய்விடும். மீதியில் பார்க்க வேண்டும், அடிக்கலாமா விடலாமா என்று முடிவெடுக்க வேண்டும். நின்ற பந்து இதைச் சொல்லிக்கொடுக்காது. சாஃப்ட்பாலில் பந்து தாழ்வாக, இடுப்பருகிலிருந்து வருகிறது. பதினைந்து இருபது அடியில் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து நீங்கள் கீழ்க்கையால் எறியும் பந்தும் ஏறத்தாழ அதே கோணத்தில் வரும்.

வெறுமனே எறியாமல் கையை முழு வட்டம் சுற்றி எறியப் பழகுங்கள், மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. கை உச்சிக்குப் போகும்போது பிள்ளை எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோக வேண்டும், பந்து கையைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் முன்கால் மெல்ல இறங்கியிருக்க வேண்டும். ஆட்டத்தில் நேரம் தப்பும் பிள்ளைகளில் பலருக்கு ஸ்விங்கில் குறையே இல்லை, இந்தத் தயாராகும் வேலையைத் தாமதமாகத் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒரே மாதிரி எறியாதீர்கள். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கல்லூரி பேஸ்பால் வீரர்களுக்கு ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், கூடுதல் பேட்டிங் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வேகப்பந்து பதினைந்து, வளைபந்து பதினைந்து, மெதுபந்து பதினைந்து என்று வரிசையாக. இன்னொரு குழுவுக்கு அதே 45 பந்தும் கலந்து. கலந்து அடித்தவர்கள் 57 சதவீதம் அளவுக்கு முன்னேறினார்கள், வரிசையாக அடித்தவர்கள் 25 சதவீதம். கலந்து பழகும்போது அன்றைய பயிற்சி அசிங்கமாகத்தான் தெரியும், நிறையத் தவறும், பிள்ளையும் முகம் சுளிப்பாள். ஆனால் ஆட்டத்தில் யாரும் ஒரே பந்தைப் பதினைந்து முறை போடப்போவதில்லை.

கிரிக்கெட்டில் வளர்ந்த அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் அன்போடு சொல்லும் பல விஷயங்கள் இங்கே எதிர்வேலை செய்யும். 'நேர் பேட்', 'பந்தைக் கண்ணுக்குக் கீழே வரவிட்டு அடி', 'தலையை பந்துக்கு மேலே கொண்டுபோ' எல்லாம் தரையில் குத்தி எழும் பந்துக்கு. இங்கே பந்து குத்துவதில்லை, உருண்டை பேட் வயிற்றுயரத்தில் குறுக்காக வருகிறது, பலம் இடுப்புத் திருப்பத்திலிருந்து வருகிறது, தலை முன்காலுக்குப் பின்னாலேயே நிற்கிறது. பந்தைக் கண்ணால் விடாமல் பின்தொடர்வது மட்டும் இரண்டுக்கும் பொது. அதைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள்.

மறைவான செலவு உறவில்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு திருத்தம் சொன்னால் மூன்றாவது வாரம் "எனக்குத் தலைவலி" என்று ஆரம்பித்துவிடும். ஒரு நாளைக்கு ஒரே குறிப்பு, அதையும் உடலைப் பற்றிச் சொல்லாமல் பந்தைப் பற்றிச் சொல்லுங்கள். 'இடுப்பைத் திருப்பு' என்பதைவிட 'நெட்டின் பின்கம்பியைக் குறிவைத்து அடி' என்பது நன்றாக வேலை செய்யும். உடலியக்கக் கற்றலில் கவனத்தை உடலுக்கு வெளியே வைப்பது பற்றி காப்ரியேலே வுல்ஃப் போன்றவர்களின் ஆய்வுகளும் இதையே சொல்கின்றன.

பாதுகாப்பையும் சொல்லிவிட வேண்டும்: எறிபவருக்கு எல் வடிவத் திரை (எறியும் கைப்பக்கம் மட்டும் திறந்த பாதுகாப்பு வலை) கட்டாயம். அதை வாங்கும்வரை ஓட்டைபோட்ட பிளாஸ்டிக் பந்து மட்டும்.

## வழி 3: தனிக் கோச்

அரை மணி நேரத்துக்கு 40 முதல் 60 டாலர் என்பது பல புறநகர்களில் சாதாரணம், பெரிய பெயர் என்றால் இன்னும் கூடும். வாரம் ஒன்று, மூன்று மாதம் என்றால் 500 டாலரைத் தாண்டிவிடும், போக வர ஒரு மணி நேரம் வேறு.

நல்ல கோச்சிடம் நீங்கள் வாங்குவது அவர் கண்ணை. நீங்கள் காணொளியில் பத்துத் தவறு பார்க்கும் இடத்தில், மற்ற ஒன்பதுக்கும் காரணமான ஒன்றை அவர் பார்ப்பார். அதனால்தான் வாராவாரம் போவதைவிட மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய், அவர் கொடுக்கும் ஒரே பயிற்சியை வீட்டில் டீயில் செய்துவிட்டு மறுபடி காட்டுவது என் கணக்கில் நல்லது. 25 நிமிடம் அவர் பந்து வைக்க, பிள்ளை அடிக்க, வீட்டுக்கு வந்து எதுவும் செய்யாமல் அடுத்த வாரம் திரும்பப் போவது, டீ செய்யும் வேலைக்கு 50 டாலர் கொடுப்பதுதான்.

சேர்க்கும் முன் கேளுங்கள்: படம் பிடித்துக் காட்டுவீர்களா? வீட்டுக்கு என்ன பயிற்சி கொடுப்பீர்கள்? சாஃப்ட்பால் பிட்சிங்குக்கு எதிராக அடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா, பேஸ்பால் மட்டுமா? 'பந்தின் மேல் வெட்டு' என்று எல்லாப் பிள்ளைக்கும் சொல்பவரிடமும், பின்காலைத் தரையில் தேய்த்துத் திருப்பினால் போதும் என்று நிறுத்திவிடுபவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்காக 122 ஹோம் ரன் அடித்த ஜோசலின் ஆலோவின் ஸ்விங்கை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், எடை எப்படி உறுதியான முன்காலுக்கு எதிராகத் திரும்புகிறது என்று தெரியும். அவரை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை, பத்து வயது உடம்புக்கு அந்த பலம் இருக்காது.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் இரண்டு குரல். டீம் கோச் ஒன்று சொல்வார், தனிக் கோச் வேறு சொல்வார், பிள்ளை பிளேட்டில் நின்று இரண்டையும் யோசிப்பாள். தனிக் கோச்சிடம் என்ன செய்கிறோம் என்பதை டீம் கோச்சிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியாக ஒத்துப்போவார்கள்.

## வழி 4: கேஜும் மெஷினும்

பிள்ளைகளுக்குப் பிடித்தது இதுதான், பிறந்தநாள் விருந்துகூட அங்கேதான் நடக்கிறது. ஸ்விங்கின் வடிவத்தைத் திருத்த மட்டும் இதை நம்பாதீர்கள். மெஷினுக்குக் கை கிடையாது, பந்து ஓர் ஓட்டையிலிருந்து திடீரென்று வருகிறது. பிட்சரின் கையைப் பார்த்துத் தயாராகும் பழக்கம் வளர வாய்ப்பே இல்லை. அடுத்த பந்து வந்துவிடும் என்ற அவசரத்தில் பிள்ளை எடையைப் பின்னால் கொண்டுபோகாமலே கையை வீசத் தொடங்கிவிடுவாள். 10 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஆடுவது 11 அங்குலப் பந்து, கேஜில் பெரும்பாலும் 12 அங்குலப் பந்துதான் இருக்கும், இதையும் கவனியுங்கள்.

வடிவம் ஓரளவு நிலைத்த பிறகு, மேல் பிரிவுக்குப் போகும் பிள்ளை வேகத்துக்குக் கண்ணைப் பழக்க மெஷின் உதவும். பன்ட் (பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) பழகவும் நல்லது. முதல் சில பந்துகளை அடிக்காமல் பார்க்க மட்டும் சொல்லுங்கள்.

## வழி 5: சென்சார்

பிளாஸ்ட் மோஷன் போன்றவை பேட்டின் அடிக்குமிழில் மாட்டி வேகம், கோணம் எல்லாம் போனுக்கு அனுப்பும். 14 வயதுக்கு மேல், தானாகவே எண்களைப் பார்த்து ஆர்வப்படும் பிள்ளைக்குச் சரி. 10 வயதில் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து: எண்ணை ஏற்றுவதற்காக முழு பலத்தில் சுற்றுவாள், பந்து எங்கே போனது என்பதையே மறந்துவிடுவாள். போன் கேமரா ஏற்கெனவே உங்கள் பையில் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| வழி | எதைத் திருத்தும் | ஆட்டத்துக்கு வருமா | பணச் செலவு | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| டீ, நெட் | வடிவம் | பாதி | குறைவு, ஒருமுறை | சோர்ந்த ஸ்விங் பழகிப்போவது |
| ஃபிரண்ட் டாஸ் | நேரம், கொஞ்சம் வடிவம் | நன்றாக | திரைக்கு மட்டும் | பெற்றோர் நேரம், வாக்குவாதம் |
| தனிக் கோச் | வடிவம் | வீட்டுப் பயிற்சி இருந்தால் | அதிகம், தொடர்ந்து | இரண்டு குரல், பயண நேரம் |
| மெஷின் | வேகத்துக்குப் பழக்கம் | குறைவு | சிறிது சிறிதாகச் சேரும் | அவசர ஸ்விங் |
| சென்சார் | அளக்கும், திருத்தாது | இல்லை | நடுத்தரம் | எண்ணின் மேல் மயக்கம் |

## அப்படியானால் எதை எடுப்பது

புதிதாக ஆடத் தொடங்கிய 8, 9 வயதுப் பிள்ளை என்றால் எடை குறைந்த பேட், டீ, பிளாஸ்டிக் பந்து. கோச் இப்போது வேண்டாம். டீயில் நன்றாக அடித்து ஆட்டத்தில் தவறும் பிள்ளைக்கு ஃபிரண்ட் டாஸ்; கோச்சுக்குக் கொடுக்கும் பணத்தைத் திரைக்குக் கொடுங்கள். டீயிலும் சரியாக வரவில்லை, காணொளியைப் பார்த்தும் உங்களுக்குப் புரியவில்லை என்றால் தாமதிக்காமல் ஒரு நல்ல கோச்சிடம் இரண்டு மூன்று முறை போங்கள், அது செலவழிக்க வேண்டிய இடம். வேலை காரணமாக வாரநாளில் வீட்டில் யாராலும் எறிய முடியாது என்றால் குளிர்காலத்தில் நடக்கும் குழுப் பயிற்சியில் சேர்ப்பது தனிக் கோச்சைவிட மலிவு, தோழிகளோடு ஆடுவதால் பிள்ளையும் சலிக்காமல் போவாள்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். வடிவத்தை மாற்றும் வேலையெல்லாம் இலையுதிர் காலத்திலும் குளிரிலும். சீசன் நடக்கும்போது கையை, காலை மாற்றச் சொன்னால் பழைய ஸ்விங்கும் போய்விடும், புதியதும் வந்திருக்காது. அப்போது டாஸும் நேரமும் மட்டும்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் நகரும் பந்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் இரண்டு விஷயத்தைப் பாருங்கள். முதலாவது கண். நின்ற பந்தை அடித்து, வரும் பந்தை மட்டும் தொடர்ந்து தவறவிடும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். வகுப்பில் கரும்பலகை தெரிகிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது பயம். முன்கால் பிளேட்டைவிட்டு வெளியே விலகி விலகிப் போகிறதென்றால், போன சீசனில் ஏதாவது ஒரு பந்து உடம்பில் பட்டிருக்கிறதா என்று மென்மையாகக் கேளுங்கள். அதை எந்த ஸ்விங் பயிற்சியும் தீர்க்காது, காலுக்குப் பின்னால் கட்டை வைத்து மறிப்பது இன்னும் மோசம். முகக்கம்பி வைத்த ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, டென்னிஸ் பந்தை உடம்பை நோக்கி மெதுவாக எறிந்து, முதுகைக் காட்டி உள்பக்கமாகத் திரும்பி வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். பந்து பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று உடம்புக்குத் தெரிந்தபின் கால் தானாகவே நேராக இறங்கும், அதன்பின் டீயைப் பற்றியும் டாஸைப் பற்றியும் யோசித்தால் போதும்.